அக்கி ஆறிய பிறகும் எரிகிறதா? மாத்திரை, கரண்ட், ஊசி: எதை எப்போது தேர்ந்தெடுப்பது

"அக்கி வந்து நாலு மாசம் ஆச்சு. புண்ணெல்லாம் காஞ்சு தழும்பாயிடுச்சு. எரிச்சல் மட்டும் போகலை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார். பக்கத்து வீட்டுல கரண்ட் மெஷின் வாங்குங்கன்றாங்க. பையன் பெரிய ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கலாம்ன்றான். நான் என்னதான் செய்யறது?"

காட்பாடிப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள் கேட்பார்கள், இல்லாவிட்டால் அவர்களை அழைத்துவரும் மகளோ மருமகளோ கேட்பார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் வைப்பதை, அதாவது வலிக்குத் தோல்மேல் மெல்லிய மின்சாரம் செலுத்துவதை, வேண்டாம் என்று ஒதுக்கவும் தேவையில்லை, அதை மட்டுமே நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மாத்திரையோடு சேர்த்து இரண்டு வாரம் பிசியோதெரபியில் வைத்துப் பாருங்கள். இரவுத் தூக்கத்திலும் துணி உடுத்துவதிலும் மாற்றம் தெரிந்தால் மட்டும் மெஷினுக்குக் காசு போடுங்கள். ஊசியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தாது. யாருக்கு எங்கே மாறும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில், இந்த வலி எங்கிருந்து வருகிறது

சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல வருஷம் அடங்கிக் கிடக்கும். வயதாகும்போதோ, வேறு நோயால் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ ஏதாவது ஒரு நரம்பின் வழியே வெளியே வரும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போட்ட மாதிரி எழும்புகிறது. மார்பு, முதுகுப் பகுதியில் அதிகம் வரும். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வருவதுண்டு.

கொப்புளம் காய்ந்ததும் தோல் ஆறிவிடும். உள்ளே நரம்பு பட்ட அடி ஆறாமல் போனால், அது பொய்யான வலிச் செய்தியை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அக்கி தொடங்கி மூன்று மாதம் கடந்தும் வலி நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வயது ஏற ஏற இதற்கான வாய்ப்பும் ஏறும். காலப்போக்கில் பலருக்கும் மெதுவாகக் குறையும் வலிதான் இது. சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும்.

சாதாரண வலி மாத்திரையும் இடுப்பில் போடும் டைக்ளோஃபினாக் ஊசியும் இதற்குப் பெரிதாக உதவாது. அவை வீக்கத்தால் வரும் வலிக்கானவை, இது நரம்பின் வலி. மாதக்கணக்கில் அவற்றை விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும்தான் கெடும்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அக்கி எழுதுவது இன்னும் நடக்கிறது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணால் எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதே நாளில் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் வகை மாத்திரையைத் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். மண் காயட்டும் என்று காத்திருந்து நாலாவது, ஐந்தாவது நாள் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

எதை வைத்து எடை போடுவது

எந்தச் சிகிச்சையையும் ஐந்து கேள்விகளால் எடை போடலாம். தோல் எந்த நிலையில் இருக்கிறது? கூடவே என்ன நோய்கள் இருக்கின்றன? பலன் தரும் என்பதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது? வெளியே தெரியாத செலவு எவ்வளவு? பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட முடியுமா?

இதில் முதல் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. பஞ்சை மெல்லிய திரியாக இழுத்து, வலிக்கும் இடத்தில் லேசாகத் தடவிப் பாருங்கள். சிலருக்குப் பஞ்சு பட்டதும் நெருப்பாக எரியும். அவர்களுக்கு ஃபேன் காற்றும் ஆகாது, ஜாக்கெட் உரசினாலும் ஆகாது. இன்னும் சிலருக்குப் பஞ்சு பட்டதே தெரியாது, தோல் மரத்துப் போயிருக்கும், ஆனால் உள்ளே சுரீர் சுரீரென்று குத்தும். இருவருக்கும் நோயின் பெயர் ஒன்றுதான் என்றாலும் கரண்டுக்கு அவர்கள் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்லாது. ஏன் என்று கரண்ட் பகுதியில் சொல்கிறேன்.

வெளியே தெரியாத செலவு என்று நான் சொல்வது பில்லில் வராத செலவை. ஒடுகத்தூரிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ ஒரு பாட்டி வேலூருக்கு வர வேண்டுமென்றால் கூட ஒருவர் வந்தாக வேண்டும். அது பீடி சுற்றும் மகளாக இருந்தால் அன்றைய கூலி போச்சு. குடியாத்தத்தில் தறி ஓட்டும் மகனாக இருந்தால் அன்றைக்குத் தறி நிற்கும். பத்து நாள் தொடர்ந்து வரச் சொல்லும் சிகிச்சைக்கு இந்தக் கணக்கைப் போடாமல் விலை பேசுவதில் அர்த்தமே இல்லை.

நரம்பு மாத்திரை

அடித்தளம் இதுதான். இரண்டு குடும்பம் இருக்கிறது. ஒன்று அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின். மனச்சோர்வுக்காக வந்த மருந்துகள், நரம்பு வலிக்கு அதைவிடக் குறைந்த அளவில், பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். மற்றது கேபாபென்டின், பிரிகாபலின். ஆதாரம் என்று பார்த்தால் பட்டியலில் முதலிடம் மாத்திரைக்குத்தான். நரம்பு வலி மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு பெரிய அலசல் வெளியானது. அதன்படி, ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய முதல் குடும்பத்தை நாலு பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பிரிகாபலினை ஏழெட்டுப் பேருக்கு. சிறந்த மருந்துக்கே நிலைமை இதுதான். "மாத்திரை எனக்குக் கேட்கலை" என்று சொல்பவர் பொய் சொல்வதும் இல்லை, அவர் உடம்பில் தனிக் கோளாறும் இல்லை.

மருந்து வேலை செய்ய வாரங்கள் ஆகும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற முடியும். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டால் அது சோதித்துப் பார்த்ததாகவே ஆகாது. அதேபோல் நீண்ட நாள் சாப்பிட்ட கேபாபென்டினையோ பிரிகாபலினையோ ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. டாக்டரைக் கேட்டுப் படிப்படியாக இறக்க வேண்டும்.

மருந்தின் விலை பெரிய பாரமில்லை. மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலையில் கிடைக்கும். விழுவதுதான் பெரிய பாரம். இந்த மாத்திரைகள் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும். கிராமத்து வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் பின்பக்கத்தில், நாலு படி இறங்கித்தான் போக வேண்டும். நடுராத்திரி தள்ளாடி இறங்கி இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கும் நானேதான் பிறகு நடைப்பயிற்சி கொடுக்கிறேன். அக்கி வலி பின்னுக்குப் போய்விடும், குடும்பம் முழுக்க அந்த எலும்பைச் சுற்றியே நிற்கும். மாத்திரை தொடங்கும் வாரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு, இரவுக்கு ஒரு பாத்திரம், எழுந்தால் குரல் கொடுக்க ஓர் ஆள். இந்த மூன்றையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பிரிகாபலின், கேபாபென்டின் அளவைக் குறைக்க வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறு, கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் ஒத்துவராமல் போகலாம். எல்லா நோயையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், அக்கிக்கு ஒரு டாக்டர் என்று பார்ப்பவர்கள் இரண்டு சீட்டையும் ஒன்றாக எடுத்துப் போங்கள்.

கரண்ட் வைப்பது: கிளினிக்கில்

நம் பக்கத்தில் "கரண்ட் வைக்கிறது" என்றால் பெரும்பாலும் டென்ஸ் அல்லது ஐ.எஃப்.டி. இரண்டிலும் தோல்மேல் பேட் ஒட்டி மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். அக்கி வலியில் அதிகம் ஆராயப்பட்டது டென்ஸ்.

இதன் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தொடுவதை உணரும் தடித்த நரம்பு இழைகளைத் தூண்டினால், வலியைச் சுமந்துவரும் மெல்லிய இழைகளின் செய்தி முதுகுத்தண்டிலேயே மட்டுப்படும் என்பதுதான் அது. கதவில் இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தன்னையறியாமல் தேய்த்துவிடுகிறோமே, அந்தத் தேய்ப்பு செய்யும் வேலையைத்தான் டென்ஸ் மின்சாரத்தால் செய்கிறது. அதே வால், நேதன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1974-ல் அக்கிக்குப் பிந்தைய கடும் வலியால் தவித்த 30 பேருக்குக் கையடக்கக் கருவி கொடுத்துப் பார்த்தார். 11 பேருக்கு நல்ல பலன். கொஞ்ச நேரம் வைப்பதைவிட நீண்ட நேரம் வைத்தபோது பலன் கூடியது.

ஐம்பது வருஷம் கழிந்தும் ஆதாரம் பெரிதாக வலுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லா வகை நரம்பு வலிக்கும் டென்ஸ் எப்படி என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் குழு 2017-ல் அலசியது. 15 ஆய்வுகள், 724 பேர். கரண்ட் வராத போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், பத்துக்குச் சுமார் ஒன்றரைப் புள்ளி அளவு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் ஆய்வுகள் சிறியவை, தரம் மிகக் குறைவு, இதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பதே அவர்கள் முடிவு. "நூறு சதவீதம் குணம்" என்று எழுதி வைத்திருக்கும் கிளினிக்கைப் பார்த்தால் இந்த வரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியிருந்தும் நான் ஏன் இதை முயன்று பார்க்கச் சொல்கிறேன்? தவறான ஆளுக்கு, தவறான இடத்தில் வைத்தால் ஒழிய, இதில் ஆபத்து மிகக் குறைவு. மாத்திரையோடு மோதாது, தலைசுற்றாது, வேண்டாமென்றால் சுவிட்சை அணைத்தால் போதும். எண்பது வயதில் ஏழு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எட்டாவதைச் சேர்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நியாயம்.

பேட் எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். வலது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை தழும்பு. ஜாக்கெட் ஊக்கைப் போடாமல், உள்ளே பழைய வேட்டித் துணியை மடித்து வைத்து, முந்தானையை விரலால் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே ஓர் இடத்தில் கரண்ட் வைத்திருக்கிறார்கள். எரியும் இடத்துக்கு நேர் மேலேயே பேட் ஒட்டியிருக்கிறார்கள். பேட் பட்டதே அவருக்குச் சித்திரவதை. "கரண்டு மட்டும் வேணாம் பா" என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

எரியும் தோலை நான் தொடவே இல்லை. அதே நரம்பு முதுகெலும்பிலிருந்து கிளம்பும் இடத்தில், தழும்பு இல்லாத நல்ல தோலில், முதுகெலும்புக்கு வலதுபுறம் ஒரு பேட். பட்டையின் ஓரத்துக்குச் சற்று மேலே, உணர்ச்சி சரியாக இருக்கும் இடத்தில் இன்னொன்று. வேகம் 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு துடிப்பு. அளவைப் பொட்டுப் பொட்டாக ஏற்றும்போது, "இன்னா பா, எறும்பு ஊர்ற மாதிரி கீது" என்றார். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், நன்றாகத் தெரிகிற, ஆனால் வலிக்காத அளவு வரை. தசை துடிக்கக் கூடாது. முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, முந்தானையைத் தூக்கிப் பிடித்திருந்த கை மடியில் இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து எரிச்சல் திரும்பிவிட்டது என்று மறுநாள் சொன்னார். டென்ஸின் இயல்பு அதுதான். ஓடும்போது வேலை செய்யும், நிறுத்திய பிறகு சிறிது நேரம் தாங்கும். நோயை அது துடைத்துப் போடாது.

பஞ்சுச் சோதனைக்கு இப்போது வருகிறேன். டென்ஸ் வேலை செய்ய, தொடுவதை உணரும் தடித்த இழைகள் உயிரோடு இருக்க வேண்டும். தோல் முழுக்க மரத்துவிட்டது என்றால் தூண்டுவதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைவு, மரத்த தோலில் அளவை ஏற்றினால் புண்ணாவதும் தெரியாது. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் கரண்ட் வேண்டாம். இடது மார்பு அக்கிக்கு முன்னால் ஒரு பேட், பின்னால் ஒரு பேட் என்று நெஞ்சுக்குக் குறுக்கே வைக்கக் கூடாது. இரண்டையும் முதுகுப் பக்கத்திலேயே வைக்கலாம். இதய நோய் இருந்தால் அதற்கும் முன் டாக்டரின் சம்மதம் வேண்டும். கழுத்தின் முன்பக்கம், கண்ணுக்கு அருகில், ஆறாத புண், புற்றுநோய்க் கட்டி உள்ள இடம் ஆகிய எதிலும் ஒட்டக் கூடாது. வலிப்பு நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கிளினிக்கின் மறைமுகச் செலவு நான் முன்பு சொன்ன பஸ்ஸும் கூலியும். ஒரு முறைக்கான கட்டணம் சில நூறு ரூபாய்தான், அதைச் சுற்றியுள்ள அலைச்சல்தான் விழுங்கும். அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் கட்டணம் இல்லை. நடமாட முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

வீட்டில் சொந்த மெஷின்

டென்ஸ் ஓடும்போது மட்டும்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது என்றால், அது வீட்டில் இருப்பதுதானே நல்லது? ஆமாம். வலி ராத்திரியில்தான் ஏறும், கிளினிக் ராத்திரியில் திறந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு முறை தொலைவிலிருந்து வந்துபோகும் செலவுக்கு ஒரு சாதாரண மெஷின் வந்துவிடும். பலன் தெரிந்தவர்களுக்கு இதுதான் சிக்கனம்.

ஆனால் வாங்குவதில் இரண்டு சிக்கல். கடையிலும் ஆன்லைனிலும் டென்ஸ் என்ற பெயரில் கிடைப்பதில் பல, தசையைத் துடிக்க வைக்கும் மசாஜ் மெஷின்கள். பாதத்தை மேலே வைத்தால் கால் அதிரும் பாய்களும் அந்த வகைதான். அக்கி வலிக்கு வேண்டியது அதுவல்ல. துடிப்பின் வேகத்தையும் அகலத்தையும் (ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரத்தையும்) தனித்தனியாக மாற்றக்கூடிய மெஷினா என்று பாருங்கள். வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை வைக்க முடிய வேண்டும். தயாரானதாக இருக்கும் இருபது முப்பது மோடுகள் தேவையே இல்லை.

அடுத்த சிக்கல் பேட். மெஷின் ஒருமுறைச் செலவு, பேட் தொடர் செலவு. ஒட்டும் பேட் பல முறை வரும் என்று போட்டிருப்பார்கள். அது குளிர்ந்த அறைக்கான கணக்கு. சித்திரை, வைகாசி வேலூர் வெயிலில் முதுகு வியர்த்து ஊறிக்கொண்டே இருக்கும். பசை சீக்கிரம் போய் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஓரம் தூக்கிய பேடில் கரண்ட் ஒரே புள்ளியில் குவிந்து சுருக்கென்று கடிக்கும். எரிச்சலுக்கென்று தேங்காய் எண்ணெய், தைலம், பவுடர் என்று ஏதாவது தடவியிருந்தாலும் இதே கதை. ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒட்டுங்கள். ஃபேன் காற்றே எரிகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் துணியால் மூடிக்கொள்ளலாம். கழற்றியதும் பேடை அதன் தாளிலேயே ஒட்டி மூடி வையுங்கள். பசை போய்விட்டால், கார்பன் ரப்பர் பேடும் ஜெல்லும் வாங்கி டேப் போட்டு ஒட்டுவது இந்த ஊருக்கு மலிவு.

முதுகில் பேட் ஒட்ட இன்னொருவர் கை வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மகன் பெங்களூரில், மருமகள் காலை ஷூ கம்பெனி வேனில் ஏறிப் போகிறவள் என்றால், தனியே இருக்கும் பெரியவருக்கு இந்த மெஷின் அலமாரியில்தான் இருக்கும். வாங்கும் முன் "யார் ஒட்டிவிடுவது?" என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். சரியான இடத்தில் நான் பேனாவால் குறியிட்டு, ஒட்டிவிடப் போகிறவரின் போனில் போட்டோ எடுத்து அனுப்புவேன். நீங்களும் உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வேளைக்கு முப்பது நிமிஷம் முதல் ஒரு மணி நேரம், நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒட்டிக்கொண்டே தூங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. சில வாரத்தில் உடம்புக்குப் பழகிப் பலன் மங்குவதுண்டு. அப்போது அளவை ஏற்றிக்கொண்டே போகாமல், வேகத்தை மாற்றியோ இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டோ பாருங்கள்.

பூச்சும் ஒட்டும் பட்டையும்

தொட்டாலே எரியும் தோலுக்கு 5 சதவீத லிக்னோகெயின் பட்டை நல்ல வழி. 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். மருந்து ரத்தத்தில் அதிகம் கலக்காது என்பதால் வயதானவர்களுக்கு ஏற்றது. தினமும் ஒட்ட வேண்டியதால் மாதச் செலவு மாத்திரையைவிட அதிகம், எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. மிளகாயின் காரப்பொருளால் செய்த கேப்சைசின் கிரீமும் உண்டு. முதல் சில வாரம் அது தரும் எரிச்சலைத் தாங்கினால்தான் பலன், நம் வெயிலில் அதைத் தாங்குகிறவர்கள் குறைவு. பூசிய கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள். இந்த இரண்டையும் பேட் ஒட்டும் இடத்தில் போடக் கூடாது.

ஊசியும் ரேடியோ அலையும்

மாத்திரையும் கரண்டும் சேர்ந்தும் தூக்கம் வரவில்லை என்றால் அடுத்த படி இது. விலா நரம்பிலோ முதுகெலும்புக்குப் பக்கத்திலோ மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் போடுவது ஒரு வகை. பல்ஸ்டு ரேடியோ ஃப்ரீக்வென்சி என்பது இன்னொன்று. ஊசியின் நுனியிலிருந்து விட்டுவிட்டு ரேடியோ அலை செலுத்துவார்கள். நுனியின் சூடு 42 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதால் நரம்பு கருகாது. டென்ஸ் வெளியிலிருந்து செய்ய முயல்வதை இது நரம்பின் அருகிலேயே போய்ச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பலன் வந்தால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அல்ட்ராசவுண்டோ எக்ஸ்ரே திரையோ பார்த்துத்தான் போட வேண்டும், பயிற்சி பெற்ற வலி மருத்துவர் போட வேண்டும். சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனை ஊரிலேயே இருப்பதால் இந்த ஆலோசனைக்காக வேலூர்க்காரர்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

மார்புப் பகுதியில் போடும் ஊசி நுரையீரல் உறையைத் தொட்டுவிடும் சிறு ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்துவது பற்றி இதய மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும், தானாக நிறுத்திவிட்டு வரக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள்.

முதுகுத்தண்டில் பதிக்கும் கருவி

முதுகுத்தண்டுக்குப் பின்னால் மெல்லிய கம்பியை வைத்து மின் துடிப்பு அனுப்பும் கருவி இது. முதலில் சில நாள் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார்கள், பலன் தெரிந்தால்தான் பேட்டரியோடு உள்ளே பதிப்பார்கள். செலவு லட்சங்களில். கம்பி நகரலாம், கிருமி தொற்றலாம், பேட்டரிக்கு ஆயுள் உண்டு, எம்.ஆர்.ஐ. எடுப்பதில் கட்டுப்பாடு வரும். எல்லாம் பார்த்தும் வாழ்க்கை முடங்கிக் கிடக்கிறவர்களுக்கான கடைசிக் கதவு இது. இதற்காக நகையை அடகு வைக்க நினைப்பவர்களிடம், முதலில் தற்காலிகச் சோதனை, அதன் பிறகு இன்னொரு மருத்துவரின் கருத்து, அப்புறம்தான் பணம் என்று சொல்வேன்.

ஒரே பார்வையில்

| வழி | பலன் தெரிய | ஆதாரம் | பில்லில் வராத செலவு | முன்யோசனை வேண்டியவர்கள் |
|---|---|---|---|---|
| நரம்பு மாத்திரை | சில வாரம் | இருப்பதில் வலுவானது | தலைசுற்றல், விழும் ஆபத்து | சிறுநீரகம், இதயம், கண் அழுத்தம் |
| கிளினிக்கில் டென்ஸ் | அன்றே, ஆனால் சில மணி நேரம் | பலவீனம் | பஸ், துணைக்கு வருபவரின் கூலி | பேஸ்மேக்கர், மரத்த தோல் |
| வீட்டு டென்ஸ் | அன்றே, ஆனால் சில மணி நேரம் | பலவீனம் | பேட், ஒட்டிவிட ஓர் ஆள் | மேலே உள்ளவர்கள், கூடவே தனியே வசிப்பவர்களும் |
| லிக்னோகெயின் பட்டை | சில நாள் | நடுத்தரத்துக்கும் கீழே | மாதா மாதம் பட்டை | ஆறாத புண் உள்ளவர்கள் |
| ஊசி, ரேடியோ அலை | சில நாள் | நடுத்தரத்துக்கும் கீழே | மருந்து நிறுத்தம், சர்க்கரை ஏற்றம் | ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் |
| பதிக்கும் கருவி | சோதனை நாட்களிலேயே | குறைவு | பேட்டரி, மறு அறுவை | மற்ற வழிகளை முயலாதவர்கள் |

யார் எங்கிருந்து தொடங்கலாம்

தொட்டால் எரிகிறது, பகலில் சமாளிக்கிறேன், ராத்திரிதான் நரகம் என்பவருக்கு: இரவில் சிறிய அளவில் மாத்திரை, கூடவே இரண்டு வாரம் டென்ஸ். அந்த இரண்டு வாரமும் ஒரு நோட்டில் தினமும் இரண்டே விஷயம் எழுதுங்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள், ஜாக்கெட்டோ சட்டையோ எவ்வளவு நேரம் போட்டிருந்தீர்கள். "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் கேட்பவர் முகத்தைப் பார்த்து "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார்கள் நம் பெரியவர்கள், நோட்டு அப்படிச் சொல்லாது. எழுவது குறைந்தால் மெஷின் வாங்குங்கள். குறையவில்லை என்றால், பேட் இடத்தை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டுத் தயங்காமல் நிறுத்துங்கள்.

மாத்திரை எதுவும் ஒத்துக்கொள்ளாத, சிறுநீரகம் பழுதான எண்பது வயதுக்காரருக்கு: பட்டையும் டென்ஸும்தான் முதல் தேர்வு. இங்கே மட்டும் கரண்டை மாத்திரைக்கு முன்னால் வைப்பேன்.

தோல் முழுக்க மரத்து, உள்ளே மட்டும் சுரீரென்று வெட்டுகிறவருக்கு: மெஷின் வாங்க வேண்டாம். மாத்திரையை முழு அளவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். பிறகு வலி மருத்துவரைப் பார்த்து ஊசி பற்றிப் பேசலாம்.

அக்கி வந்து இன்னும் மூன்று மாதம் ஆகாதவருக்கு: பெரிய செலவு எதையும் இப்போது தொடங்காதீர்கள். டாக்டர் தரும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், வலி தானாக இறங்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் ஐம்பது தாண்டிய மற்றவர்கள் அக்கித் தடுப்பூசி பற்றி விசாரிக்கலாம். இரண்டு தவணை, 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, விலைதான் அதிகம்.

நெற்றியிலும் கண்ணிமையிலும் வந்தவருக்கு: கரண்ட் பேச்சே வேண்டாம். வலி சிகிச்சைக்கு முன்பாகக் கண் மருத்துவரைப் பாருங்கள். பார்வை மங்கினாலோ கண் சிவந்தாலோ அன்றைக்கே போங்கள்.